34 பேர் கட்டிய உலகின் வேகமான கணினி! கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் படிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சீமோர் கிரே

1963 ஆகஸ்ட் மாதக் கடைசி. ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் செம கடுப்பில் இருந்தார். கன்ட்ரோல் டேட்டா என்ற சின்ன நிறுவனம், உலகிலேயே வேகமான கணினியை அறிவித்துவிட்டது. விசாரித்தால், அதை உருவாக்கிய ஆய்வகத்தில் மொத்தமே 34 பேர். அதுவும் துப்புரவுப் பணியாளரையும் சேர்த்து! இன்ஜினீயர்கள் 14 பேர், புரோகிராமர்கள் 4 பேர், பிஎச்.டி. முடித்தவர் ஒரே ஒருவர். இவ்வளவு பெரிய ஆராய்ச்சிப் படையை வைத்துக்கொண்டு நாம் எப்படிக் கோட்டை விட்டோம் என்று கேட்டு, தன் உயர் அதிகாரிகளுக்கு வாட்சன் எழுதிய குறிப்பு கணினி வரலாற்றில் ரொம்பவே பிரபலம்.

அந்த 34 பேர் டீமை வழிநடத்தியவர் சீமோர் கிரே. சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தை என்று அழைக்கப்படுபவர். 1996-ல் இறந்துபோனார்.

கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் இன்ஜினீயரிங் படித்தால் எதிர்காலம் இருக்கிறதா? கோடிங் மட்டும் தெரிந்தால் போதாதா? ஹார்டுவேர் பக்கம் போவது ரிஸ்க்கா? இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் இவரது வாழ்க்கையில் பதில் இருக்கிறது. அவர் ஜெயித்த கதை ஒரு பாதி பதில். தோற்ற கதை இன்னொரு பாதி.

பேஸ்மென்ட்டில் தொடங்கிய கதை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிப்பேவா ஃபால்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே 1925 செப்டம்பர் 28-ல் பிறந்தார் கிரே. அப்பா சிவில் இன்ஜினீயர். பையனுக்கு எலெக்ட்ரானிக்ஸ் மேல் இருந்த ஆர்வத்தைப் பார்த்து, வீட்டின் பேஸ்மென்ட்டையே அவனுக்கு ஆய்வகமாக விட்டுக்கொடுத்தார்.

பத்து வயதில், விளையாட்டு கட்டுமான செட்டின் பாகங்களை வைத்து ஒரு கருவி செய்தான் அந்தப் பையன். துளையிட்ட காகித நாடாவை உள்ளே விட்டால், அதை மோர்ஸ் குறியீட்டு ஒலியாக மாற்றும். தகவல் ஒரு வடிவத்தில் உள்ளே போய் இன்னொரு வடிவத்தில் வெளியே வருகிறது. கணினி செய்யும் வேலையும் அடிப்படையில் அதுதான்.

1943-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் நேராக ராணுவத்துக்கு அழைப்பு. முதலில் ஐரோப்பாவில் ரேடியோ ஆபரேட்டர் வேலை. பிறகு பிலிப்பைன்ஸில், ஜப்பானியர்களின் ரகசியச் செய்திகளை உடைக்கும் பணி.

டிகிரிக்குப் பெயரே இல்லாத காலம்

போர் முடிந்து வந்த கிரே, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1949-ல் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் பட்டம் வாங்கினார். 1951-ல் பயன்பாட்டுக் கணிதத்தில் முதுகலை.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற துறையே பல்கலைக்கழகங்களில் உருவாகியிருக்கவில்லை. கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் இன்ஜினீயரிங் என்ற பெயரும் கிடையாது. ஆனால் அவர் சேர்த்துப் படித்த இரண்டும், அதாவது மின்சுற்றும் கணக்கும், பின்னாளில் அந்தப் படிப்பின் இரண்டு தூண்களாக ஆகிவிட்டன. சுற்று எப்படி வேலை செய்கிறது என்றும் தெரியும், அதில் ஓடப்போகும் கணக்கு என்ன கேட்கும் என்றும் தெரியும். இரண்டும் தெரிந்த ஆட்கள் அப்போது அபூர்வம்.

படிப்பு முடிகிற சமயத்திலேயே செயின்ட் பால் நகரில் இருந்த இன்ஜினீயரிங் ரிசர்ச் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. போர்க்காலத்தில் கிளைடர் விமானங்கள் செய்த பழைய தொழிற்சாலைதான் ஆபீஸ். அமெரிக்கக் கடற்படைக்குச் சங்கேதம் உடைத்த குழுவினரில் இருந்து உருவான நிறுவனம் அது. அங்கே வெற்றிடக் குழாய்களில் ஆரம்பித்து, காந்த உள்ளகங்கள், டிரான்சிஸ்டர் என்று ஒவ்வொன்றாகக் கையால் செய்து பழகினார்.

நிறுவனம் கைமாறிப் பெரிய கம்பெனிக்குள் கரைந்தபோது, அங்கிருந்த சிலர் வெளியேறி 1957-ல் கன்ட்ரோல் டேட்டாவைத் தொடங்கினார்கள். வில்லியம் நோரிஸ் தலைவர். கொஞ்ச நாளில் கிரேவும் போய்ச் சேர்ந்துகொண்டார். அவர் வடிவமைத்த 1604 என்ற டிரான்சிஸ்டர் கணினி 1960-ல் வெளிவந்தது. நன்றாக விற்றது. கம்பெனி நிமிர்ந்தது.

அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதித் தரச் சொன்னபோது, உலகின் மிகப் பெரிய கணினியைக் கட்டுவது ஐந்தாண்டு இலக்கு, அதில் ஐந்தில் ஒரு பங்கை முடிப்பது இந்த ஆண்டு இலக்கு என்று கிரே எழுதிக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. மீட்டிங், ரிப்போர்ட் எல்லாம் அவருக்கு அலர்ஜி. அதனால் சொந்த ஊரான சிப்பேவா ஃபால்ஸிலேயே ஆய்வகம் வேண்டும் என்று கேட்டார். 1962-ல் கட்டிக்கொடுத்தார்கள். பென்சில், கட்டம் போட்ட நோட்டு, அமைதியான அறை. இவ்வளவுதான் அவர் கேட்டது.

6600 ஏன் ஜெயித்தது?

வாட்சனைக் கடுப்பேற்றிய கணினியின் பெயர் சி.டி.சி. 6600. 1964-ல் விற்பனைக்கு வந்தது. அதுவரை வேகத்தில் முதலிடத்தில் இருந்த ஐ.பி.எம். ஸ்ட்ரெட்ச்சைவிட சுமார் மூன்று மடங்கு வேகம். கிரேவுடன் சேர்ந்து இதை வடிவமைத்தவர் ஜிம் தார்ன்டன்.

ரகசியம் என்ன? ஒரு ஹோட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். தோசை மாஸ்டரே பில் போட்டு, டேபிள் துடைத்து, காய்கறியும் வாங்கப் போனால் தோசை எப்போது வரும்? 6600-ல் முக்கிய புராசஸருக்குக் கணக்குப் போடுவது மட்டும்தான் வேலை. உள்ளீடு, வெளியீடு போன்ற எடுபிடி வேலைகளைப் பார்க்க 10 துணை புராசஸர்கள். முக்கிய புராசஸருக்குள்ளும் கூட்டலுக்கு ஒன்று, பெருக்கலுக்கு இரண்டு என்று தனித்தனிப் பிரிவுகள். ஒரே நேரத்தில் பல கணக்குகள் ஓடும்.

அடுத்து சூடு. சுற்றுகளை நெருக்கி வைத்தால் வேகம் கூடும். ஆனால் நெருக்கி வைத்தால் கொதிக்கும். அதனால் ஃபிரிட்ஜில் ஓடும் ஃபிரியான் வாயுவையே கணினிக்குள் குழாய் வழியாக ஓடவிட்டார்கள்.

சிஸ்டம்ஸ் என்ற சொல்லின் அர்த்தம் இங்கேதான் இருக்கிறது. புராசஸர் வேகமாக இருந்தால் மட்டும் போதாது. அதற்குத் தரவு கொண்டுவந்து கொடுக்கும் நினைவகம், இணைக்கும் ஒயர், மின்சாரம், குளிர்ச்சி, ஓடும் மென்பொருள் எல்லாம் சேர்ந்து ஈடுகொடுக்க வேண்டும். இதில் எது மெதுவோ, அதுதான் மொத்தக் கணினியின் வேகத்தை முடிவு செய்யும். கிரே சம்பளம் வாங்கியது இந்தச் சமநிலையைக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

கிரே-1: சோபா போல ஒரு சூப்பர் கம்ப்யூட்டர்

1969-ல் 7600 வந்தது. அதுவும் ஹிட். அடுத்த 8600 சொதப்பியது. நான்கு புராசஸர்களை ஒரே பெட்டிக்குள் திணிக்கப் பார்த்ததில் சிக்கல் மேல் சிக்கல். புதிதாகத் தொடங்கலாம் என்றார் கிரே. கம்பெனியிடம் பணம் இல்லை. 1972-ல் வெளியேறி கிரே ரிசர்ச் என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார்.

அங்கே பிறந்ததுதான் கிரே-1. முதல் கணினி 1976-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு ஆறு மாதச் சோதனைக்காகப் போனது. மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து சி வடிவம். சுற்றிலும் மெத்தை வைத்த இருக்கை. பார்ப்பவர்கள் சோபா என்று கிண்டல் செய்தாலும், இருக்கைக்கு அடியில் ஒளிந்திருந்தது மின்வழங்கிகள். எடை 5 டன்னுக்கு மேல்.

அந்த வளைவு அழகுக்காகச் செய்தது இல்லை. ஒளியே ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. தூரம்தான் போகும். ஒயரில் சிக்னல் அதைவிட மெதுவாகப் போகும். கிரே-1-ன் ஒரு துடிப்பு 12.5 நானோ விநாடி. ஒயர் நீளமாக இருந்தால் சிக்னல் நேரத்துக்கு வந்து சேராது. அலமாரிகளை வளைத்து வைத்தால் உட்பக்கத்தில் ஒயர்களின் தூரம் குறையும். எந்த ஒயரும் 4 அடியைத் தாண்டக் கூடாது என்று கறாராகக் கட்டினார்கள்.

இன்னொரு விஷயம், வெக்டர் முறை. மறுபடியும் ஹோட்டலுக்கே வருவோம். 64 தோசைக்கு 64 முறை சர்வர் கிச்சனுக்கு நடக்க வேண்டுமா? ஒரே ஆர்டராக 64 என்று சொல்லிவிட்டால் வரிசையாக வந்துகொண்டே இருக்குமே! கிரே-1-ல் ஒரே கட்டளைக்கு 64 எண்கள் வரை வரிசையாகக் கணக்கிடப்படும். இந்த யோசனை புதிது கிடையாது. கன்ட்ரோல் டேட்டாவின் ஸ்டார்-100 கணினியிலும் இருந்தது. ஆனால் அது எண்களை ஒவ்வொரு முறையும் தொலைவில் இருந்த நினைவகத்தில் இருந்து எடுத்தது. தனி எண் கணக்குகளிலும் திணறியது. கிரே அந்த எண்களைப் புராசஸருக்குப் பக்கத்திலேயே ரிஜிஸ்டர்களில் வைத்தார். சாதாரணக் கணக்கையும் வேகமாக்கினார். மற்றவர் செய்த தவறைப் படித்துத் திருத்தியதுதான் அவரது வெற்றி.

சரி, அவர் தவறே செய்யவில்லையா? செய்தார். லாஸ் அலமோஸுக்குப் போன முதல் கணினியில் நினைவகப் பிழையைத் தானே திருத்தும் வசதி இல்லை. அதைச் சேர்த்தால் வேகம் குறையும். ஆனால் சோதனையில் பிழைகள் வந்துகொண்டே இருந்தன. அடுத்தடுத்த கணினிகளில் அந்த வசதியைச் சேர்த்தார்கள். தப்பான விடையை வேகமாகத் தரும் கணினியால் யாருக்கு என்ன பயன்?

1977-ல் அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையம் ஒரு கிரே-1 வாங்கியது. ஒரு டஜன் விற்றாலே பெரிது என்று நினைத்த கணினி, 80-க்கு மேல் விற்றது. வானிலை, அணு ஆராய்ச்சி, கார் மோதல் சோதனை, எண்ணெய் வளத் தேடல் என்று எல்லா இடத்திலும் கிரே.

கிரே கிடைக்காத இந்தியா

நம் ஊருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1980-களில் இந்தியா பருவமழைக் கணிப்புக்காகச் சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டது. அணு ஆயுத ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திவிடுவார்களோ என்ற சந்தேகத்தில் அமெரிக்கா இழுத்தடித்தது. கேட்டதைவிடத் திறன் குறைந்த கிரே எக்ஸ்-எம்.பி./14 மட்டும் கடைசியில் டெல்லி வானிலை மையத்துக்கு வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் கேட்ட சூப்பர் கம்ப்யூட்டர் வரவே இல்லை.

அதற்குப் பதிலாக நாமே கட்டுவோம் என்று முடிவானது. 1988-ல் புனேயில் சி-டாக் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் பரம் 8000 தயாரானது. அதற்கு முன்பே பெங்களூரில் தேசிய வானூர்தி ஆய்வகம் ஃபுளோசால்வரைக் கட்டியிருந்தது. கிரே போல ஒரு சில அதிவேக புராசஸர்களை நம்பாமல், சந்தையில் கிடைத்த சிறிய சில்லுகள் பலவற்றை இணைத்து வேலை வாங்கியது பரம். வேறு வழியில்லாமல் எடுத்த பாதை. உலகமே பிறகு அந்தப் பாதைக்குத்தான் வந்தது.

தோற்றது எங்கே?

அந்தப் பாதையை கிரே ரொம்ப நாள் நம்பவில்லை. வயலை உழ இரண்டு வலுவான காளைகள் வேண்டுமா, ஆயிரம் கோழிகள் வேண்டுமா என்ற பாணியில் அவர் கேலி செய்தது அந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. 1985-ல் வந்த கிரே-2, சுற்றுகள் மொத்தத்தையும் மின்கடத்தாத திரவத்துக்குள் முக்கி வைத்துக் குளிர்வித்தது. அற்புதமான இன்ஜினீயரிங். ஆனால் அவரது நிறுவனத்திலேயே ஸ்டீவ் சென் வடிவமைத்த எக்ஸ்-எம்.பி. வரிசை வியாபாரத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

கிரே-3-க்கு சிலிக்கானை விட்டுவிட்டு கேலியம் ஆர்சனைடு சில்லுகளுக்கு மாறினார். வேகம் அதிகம், தயாரிப்பது பெரிய தலைவலி. இரண்டு திட்டங்களுக்கும் செலவழிக்க முடியாமல் 1989-ல் அவரது திட்டம் கிரே கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்று தனி நிறுவனமாகப் பிரிந்து கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குப் போனது. 1991-ல் முதல் வாடிக்கையாளரான லிவர்மோர் ஆய்வகம் ஆர்டரை ரத்து செய்தது. 1993-ல் ஒரே ஒரு கிரே-3 மட்டும் வளிமண்டல ஆய்வு மையத்துக்குப் போனது. 1995 மார்ச்சில் நிறுவனம் திவால்.

கிரேவின் திறமை குறைந்துவிட்டதா? இல்லை. வெளியே உலகம் மாறிவிட்டது. பனிப்போர் முடிந்ததால் அரசு பணத்தைக் கொட்டவில்லை. இன்னொரு பக்கம், மேஜைக் கணினிக்காக லட்சக்கணக்கில் தயாரான சில்லுகள் மலிவாகி, ஆண்டுதோறும் வேகமாகிக்கொண்டே வந்தன. ஒயர், சூடு, நினைவகம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தவர், சந்தை என்ற பாகத்தைக் கோட்டை விட்டார்.

69 வயதில் திவாலானவர் ஓய்வெடுக்கப் போகவில்லை. 1996-ல் தன் பெயரின் முதல் எழுத்துகளை வைத்து எஸ்.ஆர்.சி. என்ற புதிய நிறுவனம் தொடங்கினார். பல புராசஸர்கள் சேர்ந்து இயங்கும் கணினிதான் இம்முறை திட்டம். கேலி செய்த பாதைக்கே கடைசியில் வந்துசேர்ந்தார். அதைக் கட்டி முடிக்க நேரம் கிடைக்கவில்லை. செப்டம்பர் 22-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நெடுஞ்சாலையில் கார் விபத்தில் படுகாயம் அடைந்தவர், அக்டோபர் 5-ல் இறந்தார். வயது 71.

இன்று படிப்பவர்களுக்கு என்ன?

கிரே-1 உச்ச வேகத்தில் விநாடிக்கு 16 கோடி கணக்குகள் போட்டது. உங்கள் கையில் இருக்கும் போன் அதைப் பல மடங்கு தாண்டிவிட்டது. அப்படியென்றால் அவர் கற்றதெல்லாம் காலாவதியா? அதுதான் இல்லை. அவர் மல்லுக்கட்டிய அதே பிரச்சினைகள்தான் இன்றைக்கும் வேலைவாய்ப்புகளாக நிற்கின்றன.

* சூடு: ஏ.ஐ. சர்வர்கள் கக்கும் வெப்பத்தைச் சமாளிக்க, டேட்டா சென்டர்கள் திரவக் குளிர்ச்சிக்கு மாறிவருகின்றன. சென்னை சிறுசேரியில் டேட்டா சென்டர்கள் எழும்பும் காலத்தில், மின்சாரமும் குளிர்ச்சியும் தெரிந்த கணினி இன்ஜினீயருக்கு வேலை இருக்கிறது.

* தூரம்: ஆயிரக்கணக்கான ஜி.பி.யு.க்களை இணைக்கும்போது, சில்லைவிட அவற்றுக்கு இடையிலான இணைப்புதான் பெரும்பாலும் தாமதம் செய்கிறது. நெட்வொர்க், அதிவேக சிக்னல் வடிவமைப்பு படித்தவர்களின் இடம் இது.

* வெக்டர்: ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த சில்லுக் கட்டமைப்பின் வெக்டர் பகுதி, கிரே பாணியைப் பின்பற்றியது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி புராசஸர் ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில் உருவானதுதான். சில்லு வடிவமைப்பு, அதைச் சோதித்துச் சரிபார்க்கும் வெரிஃபிகேஷன் வேலைகள் இந்தப் பக்கம் வரும்.

* பிழை: கார், மருத்துவக் கருவி, செயற்கைக்கோள் என எதிலும் தப்பான விடை உயிரைக் குடிக்கும். எம்பெடட் சிஸ்டம்ஸ் துறையில் பிழை தாங்கும் வடிவமைப்பு தெரிந்தவர்களுக்கு மவுசு அதிகம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டத்தின் பெயரைப் பார்ப்பதைவிடப் பாடத்திட்டத்தைப் பார்ப்பது நல்லது. டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ், கணிதம் ஆகிய ஐந்தும் ஒழுங்காக இருக்கிறதா? கையால் செய்து பார்க்க லேப் இருக்கிறதா? இருந்தால், இ.சி.இ. என்று இருந்தாலும் சி.எஸ்.இ. என்று இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். எழுதுகிற கோட் எந்த இடத்தில் காத்துக்கிடக்கிறது, நினைவகத்திலா, நெட்வொர்க்கிலா, டிஸ்க்கிலா என்று தேடத் தெரிந்தவருக்கு டீமில் தனி மரியாதை உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் கிரேவைப் பின்பற்ற வேண்டாம். தனக்குப் பிடித்த தொழில்நுட்பத்துக்கு விலையும் சந்தையும் இடம் கொடுக்கிறதா என்று அவ்வப்போது தலையை நிமிர்த்திப் பார்ப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். அதை அவர் தாமதமாகக் கற்றுக்கொண்டார். ஆனாலும் கற்றுக்கொண்டு, 70 வயதில் முதலில் இருந்து ஆரம்பித்தார்.

கிரே-1 இன்று அருங்காட்சியகப் பொருள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பரில் பைப்லைன், வெக்டர், ரிஜிஸ்டர் என்று வரும் பாடங்களை எப்படியாவது பாஸ் செய்தால் போதும் என்று ஒதுக்குபவர்கள், ஒருமுறை அதன் படத்தைத் தேடிப் பார்க்கலாம். அந்தப் பாடம் மொத்தமும் சோபா வடிவத்தில் அங்கே நிற்கிறது.